சீட்டக்கா கேட்ட கிட்டார்

சீட்டக்கா என்ற பெயரைக் கேட்டதும் பலர் அவர் மாதச் சீட்டு நடத்துகிறவர் என்றே எடுத்துக்கொண்டார்கள். "அடுத்த சீட்டு எப்பங்க ஆரம்பம்?" என்று தொலைபேசியில் விசாரித்தவர்களுக்கு அவர் சலிக்காமல் ஒரே பதிலைச் சொல்வார்: "நான் சீட்டு பிடிக்கிறவ இல்லங்க. நீங்க உக்கார்ற சீட்டைத் தைக்கிறவ." மெக்கானிக் கடைகள் வரிசையாக இருந்த தெருவின் கடைசியில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகைதான் அவருடைய பட்டறை. கார், வேன், பேருந்து, எது வந்தாலும் பழைய உறையை உரித்து, புதிது தைத்து, சட்டகத்தில் இழுத்து ஏற்றிக் கொடுப்பார்.

கல்யாணத்துக்கு முன் அவர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவர். காலர் மட்டும்தான். "ஒரு முழுச் சட்டை தைக்க அங்க ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லிச் சிரிப்பார். வேன் ஓட்டுநரைக் கட்டிக்கொண்ட பிறகு, ஒருநாள் கணவரின் வேன் சீட் கிழிந்து குடல் வெளியே வந்தது போல் கிடந்ததைப் பார்த்துக் கோணி ஊசியால் ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். வேன் நிறுத்தத்தில் மற்ற ஓட்டுநர்கள் அதைப் பார்த்தார்கள். "யாருப்பா தச்சது?" "வீட்டுல." தொழில் அப்படித்தான் வந்து கதவைத் தட்டியது. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வேறு ஊரில் நர்ஸ் வேலைக்குப் போனாள். சீட்டக்கா ஐம்பதைத் தாண்டினார்.

இசை என்று சொல்லும்படி அவர் வாழ்க்கையில் எதுவும் இருந்ததில்லை. பட்டறையில் வானொலி ஓடும். மிஷின் ஓடும்போது அது காதில் விழாது, மிஷினை நிறுத்தினால் விளம்பரம் வரும். அவ்வளவுதான்.

அவருக்கு ஸ்பாஞ்ச் வெட்டிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தார். நாற்பது வயது, மூன்று பிள்ளைகளின் தகப்பன். தலைமுடியில் எப்போதும் ஸ்பாஞ்சுத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தெரு முழுக்க அவருக்குப் பஞ்சு என்று பெயர்.

ஒரு மழைக்காலத்தில், பழைய கார்கள் மேல் பைத்தியமான பல் டாக்டர் ஒருவர் தன் புதுக் கொள்முதலோடு வந்தார். அது அவரைவிட வயதான கார். "இன்ஜின் முடிஞ்சுது, பெயின்ட் முடிஞ்சுது. இனிமே உக்கார இடம்தான் பாக்கி" என்றார்.

சீட்டுக்கு அடியில் ஏதாவது கிடைப்பது புதிதல்ல. தலைமுடிப் பின், குழந்தையின் ஒற்றைக் காலுறை, பேனா மூடி, ஒருமுறை முழுப் பல்செட். ஆனால் இந்தக் காரின் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்தபோது, அடிப்பக்கத்தில் முன் விளிம்பை ஒட்டி ஒரு பை தைத்திருந்தது. சீட்டின் நிறத்திலேயே ரெக்சின். கீழே கையை விட்டால் எட்டும் இடம். தையல் தெரியாத யாரோ கையால் தைத்தது. கோணல் மாணலாக இருந்தாலும் நெருக்கமாகப் போட்டிருந்தது. ஓர் ஓரத்தில் நூலின் நிறம் மாறியிருந்தது. எப்போதோ பிய்ந்து, மறுபடி தைத்திருக்கிறார்கள். அழுத்துப் பொத்தானின் மேல்பூச்சு தேய்ந்து பித்தளை தெரிந்தது.

உள்ளே நான்கு கேசட்டுகள். எதன் மேலும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தார். "கேசட்டா? என்கிட்ட அதைப் போட்டுக் கேக்க ஒண்ணும் இல்லையேக்கா. தூக்கிப் போட்டுடுங்க" என்றார் டாக்டர்.

தூக்கிப் போடு என்று சொன்ன உடனே தூக்கிப் போடும் பழக்கம் தையல்காரர்களுக்குக் கிடையாது. ஒரு சாண் துணியைக்கூட 'இருக்கட்டும்' என்று ஓரமாக வைப்பவர்கள். கேசட்டுகள் நூல்கண்டு டப்பாவுக்குள் போயின.

பஞ்சுவிடம் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. மூடி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. மின்சாரம் விட்டுவிட்டு வந்த ஒரு மதியம், மிஷின் ஓட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, பேட்டரி போட்டு ஒரு கேசட்டை ஓட்டிப் பார்த்தார்கள்.

முதலில் வெறும் இரைச்சல். நாற்காலி நகரும் சத்தம். பிறகு யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல ஒன்று ஆரம்பித்தது. ஆனால் மூச்சு வாங்காமல் யாரால் அவ்வளவு நேரம் முனக முடியும்? ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அது படியேறிப் போகவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. போய்ச் சேர்ந்ததும் லேசாக நடுங்கியது. அடியில் தடித்த தந்தி ஒன்று அவ்வப்போது 'டும்' என்று தலையாட்டியது.

பஞ்சு காதைச் சாய்த்துக் கேட்டார். "பல் டாக்டர் கார்தானேக்கா? யாரோ பல்லு வலியில முனகுறாங்க."

சீட்டக்கா சிரித்தார். ஆனால் டேப்பை நிறுத்தச் சொல்லவில்லை. மின்சாரம் வந்த பிறகும் மிஷினைத் தொடவில்லை. கேசட் ஒரு பக்கம் முடிந்ததும் தானே எழுந்து போய் மறுபக்கம் திருப்பிப் போட்டார்.

அதற்கடுத்த வாரங்களில் நான்கையும் பலமுறை கேட்டார். மிஷின் சத்தத்தில் கேட்க முடியாது என்பதால், கையால் செய்கிற வேலைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டார். பழைய தையல் பிரிப்பது, ஓரம் மடிப்பது, ஊக்கு மாட்டுவது. பிரிப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது நல்ல தையலைப் பிரித்துவிடுவாரோ என்று பஞ்சுவுக்குப் பயமாக இருந்தது.

கணவர் ஒருநாள் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவந்தவர், வாசலிலேயே நின்று கவனித்தார். மனைவி பின்னால் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"முப்பது வருஷமா நான் பேசுறேன், ஒருநாளாவது இப்படி உக்காந்து கேட்டிருக்கியா?"

"நீங்க நடுநடுவுல கேள்வி கேப்பீங்க" என்றார் சீட்டக்கா.

மூன்றாவது கேசட்டில்தான் சிக்கல். அதன் இரண்டாம் பக்கத்தில், மெல்ல ஆரம்பித்து, திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே ஏறும் ஒரு வாசிப்பு இருந்தது. ஏறி ஏறி, இதோ இறங்கப்போகிறது என்ற இடத்தில் நாடா தீர்ந்து 'டக்' என்று நின்றுவிடும். முதல் தடவை ரெக்கார்டர்தான் நின்றுவிட்டது என்று நினைத்துத் தட்டிப் பார்த்தார். இரண்டாம் தடவை எரிச்சல் வந்தது. அதற்குப் பிறகு அந்த மீதி எப்படி இருக்கும் என்ற எண்ணம் வேலைக்கு நடுவே, குளிக்கும்போது, பேருந்தில் போகும்போது என்று கண்ட நேரத்தில் வந்து நின்றது.

ரெக்கார்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் இசைக்கருவி விற்கிறவரிடம் போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கீபோர்டும் புல்லாங்குழலும் விற்கிற சின்னக் கடை அது.

கடைக்காரர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கிட்டார்" என்றார்.

"கிட்டாரா? அது கழுத்துல மாட்டிக்கிட்டு ஆடுறதுல்ல?"

"இவரு ஆடலம்மா, உக்காந்திருக்காரு. இருங்க, காட்டுறேன்."

சுவரில் தொங்கிய ஒரு மரக் கிட்டாரை எடுத்து, முகம் மேலே பார்க்கும்படி மடியில் படுக்கவைத்தார். தந்திகள் உயரமாக நிற்க வேண்டும் என்று தலைப்பக்கம் ஒரு பென்சிலைச் செருகினார். மேசையில் இருந்த மருந்துப் புட்டியை எடுத்துத் தந்திகளின் மேல் வைத்து, வலது கையால் மீட்டிக்கொண்டே புட்டியை நகர்த்தினார். பூனையை மிதித்தது போல ஒரு சத்தம் வந்தது. ஆனாலும் சாதி அதுதான், சந்தேகமே இல்லை. சீட்டக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

"வாசிக்கத் தெரிஞ்சவங்க உருக்குத் துண்டு வெச்சு இழுப்பாங்க. கரன்ட்டு கிடையாது, வெறும் மரமும் தந்தியும்தான். விரலால தந்தியை அமுக்கறதே இல்ல, அதான் குரல் மாதிரி வழுக்குது. எங்கயோ தீவுப் பக்கத்துல இருந்து உலகமெல்லாம் பரவுனதுன்னு சொல்வாங்க. நீங்க வெச்சிருக்கிறது வெளிநாட்டு ரெக்கார்டுல இருந்து யாரோ காப்பி எடுத்ததா இருக்கும்."

"வெளிநாடு இல்லங்க" என்றார் சீட்டக்கா. நாலாவது கேசட்டின் கடைசிக்கு ஓட்டி, ஒலியைக் கூட்டினார். வாசிப்பு முடிந்ததும் தூரத்தில் ஓர் ஆண்குரல், கனத்த குரல், கேலியாகச் சொன்னது:

"தாலாட்டு முடிஞ்சுதா? குழந்தை தூங்கிடுச்சுன்னா வா, கிளம்பலாம்."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அத்துடன் முடிந்தது.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அட, நம்ம ஆளு!"

பல் டாக்டர் அந்தக் காரை வாங்கியது, அதன் பழைய உரிமையாளர் இறந்த பிறகு அவருடைய மகனிடமிருந்து. மகனின் எண்ணை வாங்கிச் சீட்டக்கா பேசினார். மருந்துக் கம்பெனி விற்பனையாளராக ஊர் ஊராகக் காரில் சுற்றியவராம் அப்பா. வாரத்தில் பாதி நாள் சாலையில்தான்.

"பாட்டுக் கேசட்டா? அப்பாவுக்குப் பாட்டே ஆகாதுங்க. நாங்க வண்டியில இருந்தா ரேடியோ கூடப் போட விடமாட்டாரு" என்றார் மகன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சித்தப்பாதான் ஏதோ மடியில வெச்சு இழுத்துக்கிட்டிருப்பாரு. நான் சின்னப் பையன் அப்ப. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு ரொம்ப வருஷமாச்சுங்க" என்றார். சித்தப்பாவின் முகவரி மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவர் வேனை எடுத்தார். "எதுக்கு இவ்வளவு தூரம்?" என்று கேட்டார். "மீதி எப்படின்னு கேக்கணும்" என்றார் மனைவி. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

சித்தப்பா ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தப் பட்டறைக்கே மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருந்தார். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில். இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்ததால் எழுந்து வந்து கதவைத் திறக்கவே நேரமானது. வாசலில் ஒரு பெண்மணி துண்டில் எதையோ சுற்றி இடுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "என்னங்க, விக்க வந்தீங்களா?" என்றார்.

"இல்லங்க. நீங்க வாசிச்ச கேசட்டு என்கிட்ட இருக்கு. கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

"நான் வாசிச்சதா?" அவர் சிரித்தார், சிரிப்பில் காரம் இருந்தது. "தப்பான வீடுங்க. அதெல்லாம் குப்பைக்குப் போய் எத்தனையோ வருஷமாச்சு. எங்கண்ணனே சொன்னாரு."

வாக்குவாதம் செய்ய என்ன இருக்கிறது? சீட்டக்கா உள்ளே வந்து, மேசையில் ரெக்கார்டரை வைத்து, ஓடவிட்டார்.

கடைசல்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கண்கள் சுழலும் சக்கரங்களையே பார்த்தன. "மெதுவா ஓடுது. உள்ள பெல்ட் தளர்ந்திருக்கு. சுருதி நல்லா இறங்கிப்போச்சு" என்றார்.

"இதுதான் சரியான வேகம்னு நினைச்சோமே" என்றார் கணவர்.

"சரியான வேகத்துல இது துள்ளும். இது யாரோ சாவு வீட்டுல வாசிக்கிற மாதிரி இருக்கு."

சீட்டக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளாகத் தான் கண்ணை மூடிக் கேட்டது அந்த மெதுவைத்தான் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார்.

நாலாவது கேசட்டின் கடைசியில் அந்தக் குரல் வந்தபோது கடைசல்காரருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தளர்ந்த பெல்ட் அதையும் கனமாக்கியிருந்தது. "யாரது?" என்றார். சீட்டக்கா பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார். தாலாட்டு முடிஞ்சுதா?

"அண்ணன்" என்றார் அவர்.

அப்புறம் விஷயம் துண்டு துண்டாக வந்தது. பதிவு செய்த ரெக்கார்டர் அண்ணனுடையது, வெளியூர் போகும்போது காரிலும் கூடவே போகும். தம்பி வாசிக்க, அண்ணன் கேலி பண்ணிக்கொண்டே பதிவுசெய்வார். அப்பா காலத்து வீட்டை இரண்டாகப் பிரிக்கும்போது நடுச்சுவரை எங்கே வைப்பது என்று தகராறு வந்தது. இப்போது நினைத்தால் ஒரு முழம்கூட இருக்காது. பேச்சு நின்றது. கேசட்டைக் கேட்டு தம்பி ஆள் அனுப்பினார். அந்தத் தாலாட்டைக் குப்பையில் போட்டாயிற்று என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு தம்பி கிட்டாரைத் தொடவில்லை, அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சாவுக்குப் போனார். தெருமுனையில், அண்ணனின் கம்பெனி ஆட்களோடு ஆளாக நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"எங்க இருந்துது இது?" என்று கேட்டார்.

சீட்டக்கா சொன்னார். ஓட்டுநர் சீட்டின் அடியில், கை எட்டும் இடத்தில், பை. அழுத்துப் பொத்தான் தேய்ந்திருந்தது. ஓர் ஓரம் பிய்ந்து மறுபடி தைத்திருந்தது.

"கடையில குடுத்துத் தச்சதா?"

"இல்லங்க. கையால தச்சது. கோணல்தான், ஆனா நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தாரு. ஒரு நாள் வேலையா இருக்காது."

"அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் வைக்கக்கூடத் தெரியாது" என்றார் கடைசல்காரர்.

கீழே பட்டறையில் ஏதோ இரும்பை இழைக்கும் சத்தம் கேட்டது. வேன்காரருக்கு மௌனம் தாங்காது. அவர்தான் தொண்டையைச் செருமினார். "நானும் வண்டி ஓட்டுறவன்தாங்க. தனியா தூரம் போறவனுக்குப் பக்கத்துல யாராவது இருக்கிற மாதிரி இருக்கணும். இல்லன்னா கண்ணு சொக்கிடும்."

கடைசல்காரர் தலையை ஆட்டினார். அழவில்லை. எழுந்து போய் மூவருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததால் ஒரு தடவைக்கு ஒரு டம்ளர்தான் தூக்க முடிந்தது, பலமுறை நடந்தார். யாரும் உதவ எழவில்லை. எழுந்தால் பிடிக்காது என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

கிளம்பும்போதுதான் சீட்டக்கா வந்த காரியத்தைக் கேட்டார். "மூணாவது கேசட்டுல பாதியில நின்னுபோச்சே, அந்த மீதி எப்படிங்க?"

"ஞாபகமில்ல. எப்படியாவது முடிச்சிருப்பேன்."

வேனில் திரும்பி வரும் வழி முழுக்க அந்தப் பதில் அவருக்கு உறுத்தியது. "இவ்வளவு தூரம் ஏத்திக் கொண்டுபோய் விட்டுட்டு, ஞாபகமில்லையாம்" என்றார். கணவர், "உன் மகளுக்கு முதமுதல்ல என்ன சட்டை தச்சேன்னு கேட்டா உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார். "காலர் வெச்ச சட்டை" என்றார் மனைவி உடனே.

கேசட்டுகளைக் கடைசல்காரர் வாங்கிக்கொள்ளவில்லை. ஓட்டிக் கேட்கத் தன்னிடம் எதுவும் இல்லை, நீங்களே வையுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆனால் மாதம் ஒன்று போவதற்குள் ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கு வந்து இறங்கினார். படுக்கை விரிப்பில் சுற்றிய கிட்டார் ஒரு கையில், சட்டைப் பையில் ஒரு புது ரப்பர் பெல்ட். முதல் வேலையாக ரெக்கார்டரைத் திறந்து பெல்ட்டை மாற்றினார். கேசட் ஓடியது. அவர் சொன்னது உண்மைதான். வாசிப்பு துள்ளியது. முனகல் போய் ஒரு குறும்பு வந்திருந்தது. பஞ்சு தாளம் போட்டார்.

சீட்டக்கா மட்டும் தாளம் போடவில்லை. அவர் கேட்டுப் பழகிய வாசிப்பு அங்கே இல்லை. வேறு யாரோ நல்ல மனிதர் வாசித்துக்கொண்டிருந்தார்.

கிட்டாருக்குத் தந்தி போட்டாயிற்று. அவரே லேத்தில் கடைந்து பளபளப்பாக்கிய உருக்குத் துண்டு இன்னும் துருப்பிடிக்காமல் இருந்தது. ஆனால் மடியில் வைத்த சில நிமிடங்களில் இடுப்பு வலி எடுத்துவிடும். சீட்டக்கா அவரை வெவ்வேறு உயர நாற்காலிகளில் உட்காரவைத்துப் பார்த்தார். பிறகு தொடை மேல் பாரம் விழாமல், நாற்காலியின் கைப்பிடிகளில் தாங்கி நிற்கும்படி ஒரு பலகை செய்து, கிட்டார் வழுக்காமல் இருக்க மேலே ஸ்பாஞ்ச் வைத்து ரெக்சின் தைத்தார். முதல் தடவை ஸ்பாஞ்ச் தடிமனாகிவிட்டது. ஒலி அமுங்கிப்போனது. பஞ்சு அதை மெல்லிசாகச் சீவினார். ஓரங்களில் மட்டும் வைத்து நடுவை வெற்றாக விட்டபோது சரியாக வந்தது.

"சீட்டு பிரமாதம்" என்றார் கடைசல்காரர். "உக்கார்றவன்தான் பழசு."

வாசிப்பு நன்றாக இல்லை. உருக்குத் துண்டு போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. விரல்கள் இரண்டு சுரத்தை ஒன்றாக இடித்தன. சீட்டக்காவுக்கு அது தெரிந்தது. பழைய கேசட்டே மேல் என்று தோன்றியதை அவர் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். கடைசல்காரர் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை வந்து, டீ குடித்து, வாசித்துவிட்டுப் போனார். போகப் போகக் கை கொஞ்சம் தேறியது, பழையபடி ஆகவில்லை. பாதியில் நின்ற அந்த வாசிப்புக்கு ஒருநாள் ஒரு முடிவைப் போட்டுக் காட்டினார். சீட்டக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது இல்லங்க" என்றார். "எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார் அவர்.

அண்ணன் மகன் ஒருமுறை பட்டறைக்கு வந்தார். சித்தப்பாவும் அவரும் என்ன பேசுவது என்று தெரியாமல் காரைப் பற்றிப் பேசினார்கள். அப்பாவின் குரலைப் போட்டுக் கேட்டுவிட்டு, செல்போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டார். "பாட்டு வேணாம். அப்பா பேசுறது மட்டும் போதும்." கடைசல்காரர் மருமகளைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் விசாரித்தார். போகும்போது அந்த மகன் சித்தப்பாவைத் தன் வண்டியிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

இதற்கிடையில் இசைக்கருவிக் கடைக்காரர் இந்த விஷயத்தில் மூழ்கிப்போனார். இணையத்தில் தேடி, உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் இந்த மடிக் கிட்டார்ப் பதிவுகளை இறக்கிப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். தீவுகளில் வாசித்தது, மலைநாட்டில் வாசித்தது, ராகம் வாசித்தது, இசைத்தட்டின் கீறலுக்கு நடுவே நூறு வருடத்துக்கு முன்னால் வாசித்தது. சீட்டக்கா ஒரு ஸ்பீக்கர் வாங்கினார். அந்த வருடம் முழுக்க, கைவேலை இருக்கும்போதெல்லாம் அவை ஓடின. மர உடம்பு கிட்டாரின் ஒலிக்கும் உலோகத் தகட்டு உடம்பு வைத்த கிட்டாரின் ஒலிக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. பழைய நான்கு கேசட்டுகளை எடுப்பது குறைந்துபோனது. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கணவருக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டது. "மாசக்கணக்கா ஒரே பாட்டு ஓடுதுன்னு நினைச்சேன்" என்றார்.

அந்தப் பென்டிரைவில் யார் வாசித்தது என்றே தெரியாத ஒரு பதிவு இருந்தது. மிக எளிமையானது, சுரங்களும் குறைவு. சீட்டக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டார். ஒருநாள் கடைசல்காரர் வந்திருந்தபோதும் அது ஓடியது.

"இதென்ன, கம்பியைச் சும்மா தேச்சுக்கிட்டிருக்காங்க" என்றார் அவர். "விரலே ஓடலையே. கத்துக்கிட்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது."

"எனக்குப் பிடிச்சிருக்குங்க."

"பிடிக்கலாம்மா. ஆனா வாசிப்புன்னு பார்த்தா ஒண்ணுமில்ல."

சீட்டக்கா கையிலிருந்த தையல் பிரிக்கும் ஊசியைக் கீழே வைத்தார். இதுவரை இசையைப் பற்றி யாரிடமும் அவர் எதிர்த்துப் பேசியதில்லை.

"நீங்க ஒரு சுரத்துக்குப் போனதும் அடுத்ததைப் பிடிக்க ஓடுறீங்க. அந்தக் காலத்துக் கேசட்டுலயும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். இவங்க போய்ச் சேர்ந்த எடத்துல கொஞ்சம் உக்கார்றாங்க. பெல்ட்டு தளர்ந்திருந்தப்ப உங்களுதும் அப்படி இருந்துது. எனக்கு அதுதான் பிடிச்சுது."

பஞ்சு ஸ்பாஞ்சு வெட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப ரிப்பேரான பொட்டிதான் நல்லா வாசிச்சுதுங்கறீங்க" என்றார் கடைசல்காரர்.

"ஆமாங்க."

அவர் கிட்டாரை விரிப்பில் சுற்றினார். டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. "கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்" என்றார் கணவர். "கேட்டாரு, சொன்னேன்" என்றார் சீட்டக்கா. அவராகப் போன் செய்யவும் இல்லை. ஒரு கல்லூரியின் பேருந்துகள் வரிசையாக வேலைக்கு வந்திருந்தன, தலைக்கு மேல் வேலை.

பேருந்து சீட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்த ஒரு காலை நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. கடைசல்காரர் இறங்கி, சீட்டுகளுக்கு இடையே பக்கவாட்டில் நுழைந்து வந்து, தன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பலகையைக் கேட்டு வாங்கிப் பொருத்திக்கொண்டார். கிட்டாரைப் படுக்கவைத்துச் சுருதி சேர்த்தார்.

"அன்னிக்குப் போட்டீங்களே, ஆளு பேரு தெரியாத பதிவு" என்றார். "அதை இன்னொரு தடவை போடுங்க. எவ்வளவு நேரம் உக்கார்றாங்கன்னு பார்ப்போம்."

சீட்டக்கா ஒரு நீளமான ஓரத்தின் நடுவில் இருந்தார், நிறுத்தினால் கோணிவிடும். "பஞ்சு, அவருக்கு அதைப் போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு, மிஷினை ஓட்டி அந்த ஓரத்தை முடித்தார்.